மூளைத் தண்டில் கட்டியா? ‘எந்த வகை?’ என்று கேளுங்கள்



இன்று நாம் எடுத்துக் கொண்டிருக்கும் தலைப்பு மனத்திற்குப் பாரமானது. மூளையில் கட்டி என்ற சொல்லைக் கேட்டாலே நம் வீடுகளில் குரல் தாழ்ந்து விடுகிறது. அதிலும் ‘மூளைத் தண்டில் கட்டி’ என்று மருத்துவர் சொல்லிவிட்டால், “அந்த இடத்தில் கை வைக்கவே முடியாதாம்” என்ற ஒரு வரியோடு பேச்சு முடிந்து விடுகிறது. அதன் பிறகு சில குடும்பங்கள் மனமுடைந்து சிகிச்சையையே கைவிடுகின்றன. வேறு சில குடும்பங்கள் நகையை விற்று, வீட்டை அடகு வைத்து, யார் எந்த ஊரைச் சொன்னாலும் அங்கே ஓடுகின்றன. இரு சாராருமே கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டு விடுகிறார்கள். “டாக்டர், இது எந்த வகைக் கட்டி?” என்பதே அந்தக் கேள்வி.

மூளைத் தண்டுக் கட்டி என்பது ஒரு நோயின் பெயரன்று. அது ஓர் இடத்தின் பெயர். ஈப்போவில் வசிப்பவர் என்று சொன்னால் அவர் ஆசிரியரா, லாரி ஓட்டுநரா, கடைக்காரரா என்று நமக்குத் தெரியாது அல்லவா? அதைப் போலத்தான் இதுவும். அந்த இடத்தில் குடியிருப்பது யார் என்று தெரிந்தால்தான் சிகிச்சை என்ன, எதிர்காலம் என்ன என்று பேச முடியும். மருத்துவர்கள் இந்தக் கட்டிகளை எப்படி வகை பிரிக்கிறார்கள் என்பதை எளிமையாகப் பார்ப்போம்.

மூளைத் தண்டு எங்கே இருக்கிறது?

பின்னந்தலைக்குக் கீழே, பிடரி தொடங்கும் இடத்தில் கையை வைத்துப் பாருங்கள். அதற்கு நேர் உள்ளே, மூளைக்கும் முதுகுத் தண்டுக்கும் இடையில் இணைப்பாக நிற்பதுதான் மூளைத் தண்டு. பெரியவர்களுக்கு ஏறத்தாழ 3 அங்குல நீளம், கட்டைவிரல் பருமன். மேலே நடுமூளை, நடுவில் பாலம், கீழே முகுளம் என்று அதற்கு மூன்று பகுதிகள். நடுப்பகுதிக்கு மருத்துவர்கள் சொல்லும் ‘பான்ஸ்’ என்ற இலத்தீன் சொல்லுக்கும் பாலம் என்றுதான் பொருள்.

கையை அசை, காலை எடுத்து வை என்று மூளை இடும் கட்டளைகள் அனைத்தும் இந்தத் தண்டின் வழியாகத்தான் கீழே இறங்குகின்றன. உடம்பின் உணர்ச்சிகள் எல்லாம் இதன் வழியாகத்தான் மேலே ஏறுகின்றன. மூளையிலிருந்து புறப்படும் 12 இணை நரம்புகளில் 10 இணைகள் இங்கிருந்தே கிளம்புகின்றன. கண்ணைத் திருப்புவது, முகத்தை அசைப்பது, கேட்பது, விழுங்குவது, பேசுவது எல்லாம் அவற்றின் வேலை. மூச்சும் இதயத் துடிப்பும் இங்கிருந்துதான் நெறிப்படுத்தப்படுகின்றன. இவ்வளவு முக்கியமான வேலைகள் இவ்வளவு சிறிய இடத்தில் நெருக்கியடித்துக் கொண்டிருப்பதால்தான், இங்கே கத்தி வைக்க அறுவை மருத்துவர்கள் அஞ்சினார்கள்.

அந்த அச்சத்தின் கதை

நிலவில் முதன்முதலாகக் கால் பதித்த நீல் ஆம்ஸ்ட்ராங்கை எல்லோருக்கும் தெரியும். அவருக்குக் கேரன் என்றொரு மகள் இருந்தாள் என்பது பலருக்குத் தெரியாது. 1961-ஆம் ஆண்டு பூங்காவில் விளையாடும்போது அந்தக் குழந்தை கீழே விழுந்தாள். பிறகு நடை தடுமாறியது. கண் பார்வையும் பேச்சும் பாதிக்கப்பட்டன. பாலப் பகுதியில் கட்டி என்று கண்டறிந்தார்கள். கதிர்வீச்சுச் சிகிச்சை கொடுத்ததில் சில காலம் தேறினாள். ஆனால் நோய் திரும்பி வந்தது. 1962-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள், மூன்று வயது நிறைவதற்கு முன்பே அவள் இறந்து போனாள்.

ஆம்ஸ்ட்ராங் நிலவில் நடந்த 1969-ஆம் ஆண்டில்தான், அமெரிக்காவின் புகழ்பெற்ற குழந்தை நரம்பியல் அறுவை மருத்துவர் டொனால்ட் மேட்சனின் பாடநூலின் இரண்டாம் பதிப்பு வெளிவந்தது. மூளைத் தண்டுக் கட்டியின் திசு எப்படிப்பட்டதாக இருந்தாலும், அது இருக்கும் இடத்தினாலேயே அறுவை செய்ய இயலாதது. ஆகவே அதைக் கொடிய கட்டியாகவே கொள்ள வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. அந்தக் காலத்திற்கு அது நியாயமான முடிவுதான். தண்டின் உள்ளே எட்டிப் பார்க்க அன்று வழியில்லை. நம் ஊர்களில் இன்றும் நிலவும் “கை வைக்கவே முடியாது” என்ற பேச்சு அந்தக் காலத்தின் எதிரொலி.

1970-களில் சி.டி. ஸ்கேன் வந்தது. 1980-களில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வந்தது. எம்.ஆர்.ஐ. வந்த பிறகு படத்தில் தெரிந்தது மருத்துவர்களையே வியக்க வைத்தது. எல்லாக் கட்டிகளும் ஒன்று போல இல்லை. சில தண்டு முழுவதும் ஊடுருவிக் கிடந்தன. சில ஓர் ஓரத்தில் ஒதுங்கியிருந்தன. சில வெளியே புடைத்து நின்றன. 1985-ஆம் ஆண்டில் நியூயார்க் மருத்துவர் ஃபிரெட் எப்ஸ்டீன் இவற்றைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டி, இவற்றில் சிலவற்றை அறுவையால் எடுக்க முடியும் என்றும் செய்து காட்டினார். பின்னர் பிரான்சின் மார்சேய் நகரைச் சேர்ந்த மொரிஸ் ஷூ என்பவரும் அவருடைய குழுவினரும் 2000-ஆம் ஆண்டில் நான்கு வகைகளாக வகுத்துக் கொடுத்தார்கள். இன்றும் மருத்துவர்கள் படத்தைப் பார்த்துப் பேசும்போது அடிப்படையாகக் கொள்வது ஏறக்குறைய இந்தப் பிரிவினையைத்தான்.

நான்கு வகைகள்

முதல் வகை, பரவிய கட்டி. தோட்டப்புறத்தில் வாழ்ந்தவர்களுக்கு லாலாங் புல்லைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மேலே பிடுங்கினால் கையோடு வரும். ஆனால் மண்ணுக்குள் வேர் எங்கெங்கோ ஓடியிருக்கும். வேரை முழுவதும் எடுக்க வேண்டுமானால் மண்ணையே அள்ள வேண்டும். பரவிய கட்டி அப்படிப்பட்டது. நல்ல நரம்பு இழைகளுக்கு நடுவிலேயே கட்டியின் அணுக்கள் கலந்து கிடக்கும். எல்லை என்று ஒன்று இருக்காது. பெரும்பாலும் பாலப் பகுதியில்தான் இது தோன்றும். எம்.ஆர்.ஐ. படத்தில் பாலம் வீங்கித் தெரியும். அதன் பாதிக்கு மேல் கட்டி பரவியிருக்கும். முன்புறம் ஓடும் முக்கிய இரத்தக் குழாயைக்கூட அணைத்துச் சூழ்ந்திருக்கும். பிள்ளைகளுக்கு வரும் மூளைத் தண்டுக் கட்டிகளில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் இந்த வகைதான். 6 வயது முதல் 9 வயது வரை உள்ள பிள்ளைகளிடம் அதிகம் காணப்படுகிறது.

இரண்டாம் வகை, தண்டுக்கு உள்ளேயே ஓரிடத்தில் ஒதுங்கிய கட்டி. மண்ணுக்குள் இருக்கும் மரவள்ளிக் கிழங்கைப் போல இதற்கு எல்லை உண்டு. பெரும்பாலும் மெதுவாக வளரக்கூடியது. இதில் தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்று, நடுமூளையின் பின்புறத் தட்டில் வரும் சிறு கட்டி. அந்தக் கட்டி பல ஆண்டுகள் அசையாமல் கிடக்கும். ஆனால் பக்கத்தில் மூளை நீர் ஓடும் மெல்லிய குழாயை அது அடைத்து விடுவதால் தலைக்குள் நீர் தேங்கும். அந்த நீருக்கு வேறு வழி ஏற்படுத்திக் கொடுத்துவிட்டு, கட்டியைத் தொடாமல், குறிப்பிட்ட காலத்திற்கு ஒரு முறை ஸ்கேன் எடுத்துக் கண்காணித்து வருவதே பலருக்குப் போதுமானதாக இருக்கிறது.

மூன்றாம் வகை, தண்டின் மேற்பரப்பிலிருந்து வெளியே புடைத்து வளரும் கட்டி. பின்புறமாக வளர்ந்து, மூளை நீர் தங்கும் நான்காம் அறையை நிரப்பும் கட்டிகள் இதில் அடங்கும். இவற்றில் பல, முதல் படித்தரத்தைச் சேர்ந்த சாதுவான கட்டிகள். வெளியே துருத்திக் கொண்டிருக்கும் பகுதியை அறுவை மருத்துவர் எடுத்து விடலாம். தண்டோடு ஒட்டியிருக்கும் சிறு பகுதியை விட்டு வைத்தாலும் பல நோயாளிகள் நீண்ட காலம் நலமாக இருக்கிறார்கள்.

நான்காம் வகை, முகுளமும் கழுத்துத் தண்டும் சந்திக்கும் இடத்தில் வளரும் கட்டி. இதிலும் பெரும்பாலானவை மெதுவாக வளர்பவை. அறுவைக்கு இடம் கொடுப்பவை.

ஆக, நான்கில் ஒன்று மிகக் கொடியது. மற்ற மூன்றிலும் நம்பிக்கைக்குப் பெரிய இடம் இருக்கிறது. ஆனால் எண்ணிக்கையில் முதல் வகைதான் அதிகம் என்பதால், அதன் கதையே எல்லோருடைய கதையாகப் பரவிவிட்டது.

காலக் கணக்கு ஒரு தடயம்

ஸ்கேன் எடுப்பதற்கு முன்பே, மருத்துவர் ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பார்: “எத்தனை நாளாக?” அதைச் சலிப்போடு எடுத்துக் கொள்ளாதீர்கள். பரவிய வகையாக இருந்தால், அறிகுறிகள் பெரும்பாலும் சில வாரங்களில், மூன்று மாதங்களுக்குள், ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும். ஒரு கண் உள்பக்கமாகத் திரும்பும். பார்ப்பது இரண்டாகத் தெரியும். முகம் ஒரு பக்கம் கோணும். நடை தள்ளாடும். ஒரு பக்கக் கையும் காலும் வலுவிழக்கும். ஒதுங்கிய வகையாக இருந்தால், இத்தகைய குறைகள் பல மாதங்களாக, சில வேளைகளில் ஆண்டுக் கணக்கில், மெல்ல மெல்ல வந்திருக்கும். முகுளத்தில் கட்டி இருந்தால் குரல் மாறும்; சாப்பிடும்போது புரையேறும்; அடிக்கடி நெஞ்சுச் சளி பிடிக்கும்.

மாறுகண் அதிர்ஷ்டம் என்று நம் பாட்டிமார்கள் சொல்வதுண்டு. பிறவியிலிருந்து இருக்கும் மாறுகண் வேறு. நேற்று வரை நேராகப் பார்த்துக் கொண்டிருந்த பிள்ளையின் கண் திடீரென்று திரும்பினால், அதை அதிர்ஷ்டம் என்று விட்டு விடக் கூடாது. காலையில் எழுந்தவுடன் தலைவலியும் வாந்தியும் சேர்ந்து வந்தாலும் அப்படியே. உடனே அரசாங்க கிளினிக்கிற்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கிருந்து ஈப்போ ராஜா பெர்மாய்சூரி பைனுன் மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள். கண்ணாடிக் கடையில் கண்ணாடி மாற்றிப் பார்ப்பதிலும், கயிறு கட்டிப் பார்ப்பதிலும் வாரங்களைக் கழித்து விடாதீர்கள். கோயிலுக்குப் போவதை நான் தடுக்கவில்லை. கிளினிக்கிற்குப் போய்விட்டுப் போங்கள் என்றுதான் சொல்கிறேன்.

படம் மட்டும் போதுமா?

இந்தக் கேள்வியில் மருத்துவ உலகமே பல காலம் இரண்டு பட்டு நின்றது. 1993-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்கள் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். எம்.ஆர்.ஐ. படத்தில் பரவிய வகையின் அடையாளங்கள் தெளிவாக இருந்தால், துளையிட்டுத் திசு எடுத்துப் பார்க்கத் தேவையில்லை. எடுப்பதால் ஆபத்துதானே தவிர சிகிச்சை மாறப் போவதில்லை என்றார்கள். உலகின் பல மருத்துவமனைகள் அதையே பின்பற்றின.

ஆனால் தமிழ்நாட்டிலிருந்து வேறொரு குரல் எழுந்தது. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைச் சிகிச்சைத் துறையை 1949-ஆம் ஆண்டில் டாக்டர் ஜேக்கப் சாண்டி அங்கேதான் தொடங்கினார். அந்தத் துறையைச் சேர்ந்த டாக்டர் வி. ராஜசேகரும் டாக்டர் எம்.ஜே. சாண்டியும், 71 நோயாளிகளின் மூளைத் தண்டுக் கட்டிகளுக்குள் சி.டி. ஸ்கேன் வழிகாட்டுதலுடன் மெல்லிய ஊசியைச் செலுத்திச் செய்த சிகிச்சையின் நன்மை தீமைகளை எடைபோட்டு, 1995-ஆம் ஆண்டில் அனைத்துலக மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். நம்மைப் போன்ற நாடுகளுக்கு இது ஏன் முக்கியம் என்றால், படத்தில் கட்டியாகத் தெரிவதெல்லாம் புற்றுக்கட்டியாக இருப்பதில்லை. காசநோய்க் கிருமி மூளைத் தண்டில் உருவாக்கும் முடிச்சும் படத்தில் கட்டி போலவே தெரியக்கூடும். சீழ்க்கட்டியும் அப்படித்தான். அத்தகைய காசநோய் முடிச்சுகளைப் பற்றியும் வேலூர் மருத்துவர்கள் தனியாக எழுதியிருக்கிறார்கள்.

சற்று எண்ணிப் பாருங்கள். காசநோய் முடிச்சு மாத்திரையால் குணமாகக் கூடியது. அதைப் புற்றுக்கட்டி என்று முடிவு கட்டி, கதிர்வீச்சு கொடுத்தால் என்ன ஆகும்? அல்லது நம்பிக்கையிழந்து வீட்டுக்கு அழைத்துச் சென்று விட்டால் என்ன ஆகும்? காசநோய் இன்னும் ஒழியாத நம் நாட்டிலும் இந்தச் சந்தேகத்தை மருத்துவர்கள் மனத்தில் வைத்திருக்க வேண்டும். வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்திருந்தால் நீங்களும் வெட்கப்படாமல் அதைச் சொல்லி விட வேண்டும்.

திசுவுக்குள் இருக்கும் அடையாளம்

2012-ஆம் ஆண்டில் கதையே மாறியது. பரவிய வகைக் கட்டிகளின் மரபணுக்களை ஆராய்ந்த இரு குழுக்கள், அவற்றில் பெரும்பாலானவற்றில் ஒரே பிழை இருப்பதைக் கண்டுபிடித்தன. நம் அணுவுக்குள் மரபணு இழை மிக நீளமானது. தையல் நூலைக் கண்டில் சுற்றி வைப்பது போல, அந்த இழை ஹிஸ்டோன் என்ற புரதங்களின் மேல் சுற்றப்பட்டிருக்கிறது. எந்த மரபணு விழித்திருக்க வேண்டும், எது உறங்க வேண்டும் என்பதற்கான குறிகள் அந்தப் புரதத்தின் மேல்தான் வைக்கப்படுகின்றன. இந்தக் கட்டிகளில், ஹிஸ்டோன் 3 என்ற புரதத்தின் 27-ஆம் இடத்தில் லைசின் இருக்க வேண்டிய இடத்தில் மெத்தியோனின் உட்கார்ந்து விடுகிறது. ஒரே ஓர் எழுத்துப் பிழைதான். அதனால் உறங்க வேண்டிய மரபணுக்கள் விழித்துக் கொள்கின்றன. அணு தறிகெட்டுப் பெருகுகிறது.

உலகச் சுகாதார நிறுவனம் 2016-ஆம் ஆண்டில் வெளியிட்ட மூளைக் கட்டிகளின் பட்டியலில், இந்தப் பிழையுள்ள நடுக்கோட்டுப் பரவிய கட்டிக்குத் தனிப் பெயர் கொடுத்தது. 2021-ஆம் ஆண்டுப் பட்டியலில், அதே விளைவை உண்டாக்கும் வேறு மாற்றங்களையும் சேர்த்துப் பெயரை விரிவாக்கியது. ஒரு முக்கியமான மாற்றத்தைக் கவனியுங்கள். முன்பெல்லாம் நுண்ணோக்கியில் பார்த்து 1 முதல் 4 வரை படித்தரம் சொல்வார்கள். 1 சாதுவானது, 4 மிகக் கொடியது. இப்போது இந்த அடையாளம் இருந்தால், நுண்ணோக்கியில் அணுக்கள் சாதுவாகத் தெரிந்தாலும் அது 4-ஆம் படித்தரமே.

இதற்கு நேர் மாறாக, ஒதுங்கிய கட்டிகளிலும் புடைத்த கட்டிகளிலும் பிராஃப் என்ற மரபணுவில் மாற்றம் காணப்படுவதுண்டு. அந்த மாற்றத்தைக் குறிவைக்கும் மருந்துகள் அண்மை ஆண்டுகளில் வந்துள்ளன. 2023-ஆம் ஆண்டிலும் 2024-ஆம் ஆண்டிலும் பிள்ளைகளின் மெதுவாக வளரும் கட்டிகளுக்கென்றே அமெரிக்காவில் இத்தகைய மருந்துகளுக்கு அனுமதி கிடைத்தது. ஆகவே திசுப் பரிசோதனை என்பது இனி வெறும் பெயர் சூட்டும் வேலை இல்லை. சில நோயாளிகளுக்கு அது மருந்துக்கு வழி திறக்கும் வேலை.

வகை மாறினால் வழி மாறும்

புரிந்து கொள்வதற்காக மூன்று பேரைக் கற்பனை செய்து கொள்வோம். மூவருக்கும் அறிக்கையில் ‘மூளைத் தண்டில் கட்டி’ என்றே எழுதியிருக்கிறது.

முதலாவது, 7 வயதுச் சிறுமி. ஒரு மாதத்தில் கண் திரும்பி, நடை தள்ளாடியது. படத்தில் பாலம் முழுவதும் பரவிய கட்டி. இவளுக்கு அறுவையால் கட்டியை எடுக்க இயலாது. வாரத்திற்கு 5 நாள் வீதம் ஆறு வாரங்கள் கதிர்வீச்சு கொடுப்பதே உலகெங்கும் உள்ள நடைமுறை. பெரும்பாலான பிள்ளைகள் அதில் தேறி, மீண்டும் நடந்து, பள்ளிக்குக்கூடச் செல்வார்கள். ஆனால் நோய் திரும்பும். சராசரியாக ஓராண்டுக்குள் உயிர் பிரிகிறது. இரண்டாண்டுகளைத் தாண்டுபவர்கள் 10 விழுக்காட்டுக்கும் குறைவு. இதை மூடி மறைப்பது மருத்துவரின் வேலை இல்லை. பெற்றோருக்கு உண்மை தெரிய வேண்டும்.

இரண்டாவது, 14 வயது மாணவன். ஆறேழு மாதங்களாகத் தலைவலி. படத்தில் நடுமூளையின் பின்புறம் சிறு கட்டி. தலைக்குள் நீர்த் தேக்கம். நீர் வடிய வழி செய்தவுடன் தலைவலி நின்றது. இனி அவனுக்கு வேண்டியது ஒழுங்கான ஸ்கேன் சோதனை. எஸ்.பி.எம். எழுதலாம், வேலைக்குப் போகலாம், குடும்பம் நடத்தலாம்.

மூன்றாவது, 35 வயது லாரி ஓட்டுநர். பெரியவர்களுக்கு மூளைத் தண்டில் கட்டி வருவது அரிது. வந்தாலும் பிள்ளைகளின் கணக்கை அவர்களுக்கு அப்படியே போடக் கூடாது. படத்தில் பரவிய கட்டியாகவே தெரிந்தாலும், மெதுவாக வளரும் வகையாக இருந்தால் பல ஆண்டுகள் வாழ்பவர்கள் உண்டு. அல்லது அது காசநோய் முடிச்சாகவும் இருக்கலாம்; திசுப் பரிசோதனைதான் சொல்லும்.

மூவரின் பெற்றோரும் மனைவியும் ஒரே வரியைக் கேட்டு ஒரே மாதிரி அழுதிருப்பார்கள். ஆனால் அவர்கள் முன்னால் இருந்த வழிகள் முற்றிலும் வேறு.

மன்றத்தில் எழுந்த கேள்விகள்

கேள்வி: கட்டியில் கத்தி பட்டால் உடம்பெல்லாம் பரவிவிடும் என்று சொல்கிறார்களே. ஊசி போட்டுத் திசு எடுத்தாலும் அப்படித்தானே?

பதில்: இந்தப் பயத்தால் திசுப் பரிசோதனைக்கே ஒப்புக் கொள்ளாத குடும்பங்கள் உண்டு. ஊசியால் எடுப்பதனால் கட்டி உடம்பெல்லாம் பரவுவதில்லை. உண்மையான ஆபத்து வேறு: இரத்தக் கசிவு ஏற்படலாம், இருக்கும் நரம்புக் குறை சில காலம் கூடலாம். அனுபவமுள்ள கைகளில் அந்த ஆபத்து குறைவு என்று பிரான்ஸ் போன்ற நாடுகளின் அனுபவம் காட்டுகிறது. ஆகவே “இந்தப் பரிசோதனையால் என் பிள்ளையின் சிகிச்சை மாறுமா?” என்று மருத்துவரிடம் கேளுங்கள். மாறும் என்றால் ஒப்புக் கொள்வதில் பொருள் இருக்கிறது.

கேள்வி: எங்களுக்குப் பக்கத்தில்தான் புக்கிட் மேரா. அந்தக் கதிரியக்கத்தால் இப்படிக் கட்டி வருமா?

பதில்: லகாட்டில் இந்தக் கேள்வி எழாமல் இருந்தால்தான் வியப்பு. 1982-இல் இயங்கத் தொடங்கிய ஏசியன் ரேர் எர்த் ஆலையை எதிர்த்து 1985-இல் குடியிருப்பாளர்கள் ஈப்போ உயர் நீதிமன்றம் சென்றார்கள். 1992-இல் ஆலையை நிறுத்தும்படி தீர்ப்பு வந்தது. 1993-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. ஆனாலும் 1994-இல் ஆலை மூடப்பட்டது. அன்று மக்களை வாட்டிய அச்சம் இரத்தப் புற்றுநோயையும் பிறவிக் குறைகளையும் பற்றியது. மூளைக் கட்டிகளைப் பொறுத்தவரை, தலைக்கு நேரடியாகக் கொடுக்கப்பட்ட அதிக அளவுக் கதிர்வீச்சு பிற்காலத்தில் சில வகைக் கட்டிகளை உண்டாக்கும் என்பது உறுதிப்பட்டது. ஆனால் இன்று நாம் பேசும் பாலத்தின் பரவிய கட்டிக்கு எந்த வெளிக் காரணமும் நிறுவப்படவில்லை. பிள்ளை வளரும்போது ஓர் அணுவில் தானாக நேரும் பிழை அது. பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது எதையோ சாப்பிட்டேன், கீழே விழ விட்டேன், யாரோ செய்வினை வைத்தார்கள் என்று தாய்மார்கள் தங்களையோ பிறரையோ நொந்து கொள்ளத் தேவையில்லை. விழுந்ததனால் கட்டி வரவில்லை. கட்டி இருந்ததனால் பிள்ளை தடுமாறி விழுந்திருக்கலாம்.

கேள்வி: பரம்பரையாக வருமா? அடுத்த பிள்ளைக்கும் சோதனை செய்ய வேண்டுமா?

பதில்: பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை. ஒரு விதிவிலக்கு உண்டு. உடம்பில் பால் கலந்த காப்பியின் நிறத்தில் ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட திட்டுகள் இருந்தால், அது நியூரோஃபைப்ரோமடோசிஸ் என்ற மரபு நோயாக இருக்கலாம். அந்த நோய் உள்ளவர்களுக்கு மூளைத் தண்டில் வரும் கட்டி பல நேரங்களில் சாதுவாக, வளராமலேயே கிடக்கும். அத்தகைய திட்டுகள் இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள். வகை பிரிப்பதில் அதுவும் ஒரு தடயம்.

கேள்வி: பரவிய வகை என்று சொல்லிவிட்டால், வெளிநாட்டுக்குக் கொண்டு போனால் பிழைக்க வைக்கலாமா?

பதில்: இதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். முழுக் குணம் தரும் சிகிச்சை எந்த நாட்டிலும் இன்று இல்லை. 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டில் டோர்டாவிப்ரோன் என்ற மருந்துக்கு அமெரிக்கா விரைவு அனுமதி வழங்கியது. நான் சொன்ன அந்த ஹிஸ்டோன் பிழையுள்ள கட்டி, சிகிச்சைக்குப் பிறகு மீண்டும் வளர்ந்தால் கொடுப்பதற்கான மருந்து அது. ஆய்வுக் கணக்கில் எடுத்துக் கொள்ளப்பட்ட 50 பேரில் 22 விழுக்காட்டினரிடம் பலன் தெரிந்தது. ஆனால் பாலத்தில் பரவிய கட்டி உள்ளவர்கள் அந்த 50 பேரில் சேர்க்கப்படவில்லை. ஒரு கதவு சற்றே திறந்திருக்கிறது என்று சொல்லலாம், அவ்வளவுதான். இரண்டாவது கருத்து கேட்பதில் தவறில்லை. அதற்குப் பிள்ளையைத் தூக்கிக் கொண்டு விமானம் ஏற வேண்டியதில்லை. ஸ்கேன் படங்களைக் குறுந்தட்டில் வாங்கி அனுப்பினாலே போதும். வீட்டை விற்கச் சொல்லும் எவரிடமும், “இதே வகைக் கட்டிக்கு உங்கள் சிகிச்சை பலன் தந்ததற்கு என்ன சான்று?” என்று கேளுங்கள். “எல்லா மூளைக் கட்டியையும் குணமாக்குவோம்” என்று பதில் வந்தால், அங்கிருந்து எழுந்து வந்து விடுங்கள்.

கேள்வி: அப்படியானால் வீட்டுக்கு அழைத்துப் போய்விடுங்கள் என்று சொல்கிறீர்களா?

பதில்: இல்லவே இல்லை. குணப்படுத்த முடியாது என்பது வேறு. ஒன்றும் செய்ய முடியாது என்பது வேறு. வலி, வாந்தி, விழுங்க முடியாமை, உறக்கமின்மை எல்லாவற்றிற்கும் மருந்து உண்டு. வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்தால் முகம் உப்பும், பிள்ளைக்குப் பசி அதிகமாகும், கோபம் வரும். அதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருந்தால் பெற்றோர் பதற மாட்டார்கள். நோய் தணிப்புப் பராமரிப்பு என்று ஒரு மருத்துவப் பிரிவே இருக்கிறது. கடைசி வாரத்தில்தான் அவர்களைத் தேட வேண்டும் என்பதில்லை. முதல் நாளிலிருந்தே கேட்கலாம். நல்ல நாட்கள் இருக்கும்போது பிள்ளை கேட்டதைச் செய்து கொடுங்கள். அண்ணன் தம்பிகளையும் மறந்து விடாதீர்கள். அவர்களும் பயந்து போயிருப்பார்கள்.

குறித்துக் கொள்ளுங்கள்

நேரம் நெருங்கிவிட்டது. மருத்துவரைப் பார்க்கப் போகும்போது ஒரு தாளில் இந்த நான்கு கேள்விகளை எழுதி எடுத்துச் செல்லுங்கள். ஒன்று, கட்டி நடுமூளையிலா, பாலத்திலா, முகுளத்திலா? இரண்டு, அது பரவியதா, ஒதுங்கியதா, வெளியே புடைத்ததா? மூன்று, காசநோய், சீழ் போன்ற வேறு நோயாக இருக்க வாய்ப்பு உண்டா? நான்கு, திசு எடுத்து மரபணுச் சோதனை செய்தால் சிகிச்சை மாறுமா?

மொழி புரியவில்லை என்றால் தயங்காமல் இன்னொரு முறை கேளுங்கள். மலாயோ ஆங்கிலமோ நன்கு தெரிந்த பிள்ளை ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். சொன்னதை அங்கேயே எழுதிக் கொள்ளுங்கள். அடுத்த முறை வேறு மருத்துவர் பார்த்தாலும் அந்தத் தாள் கை கொடுக்கும். ஸ்கேன் படங்களையும் திசு அறிக்கையையும் ஒரே கோப்பில் பத்திரப்படுத்துங்கள்.

இந்தக் கேள்விகளால் கட்டியின் வகை மாறிவிடாது. ஆனால், பிழைக்கக் கூடிய ஒரு பிள்ளையை நாம் பயத்தால் கைவிட்டுவிடாமல் இருக்கவும், பிழைக்க இயலாத ஒரு பிள்ளையின் மிச்சமிருக்கும் நாட்களை ஊர் ஊராக அலைந்து தொலைத்து விடாமல் இருக்கவும் அவை உதவும்.